‘ஃபோமற் அடிச்சால்தான் சரிவரும்’ என்கிறார்கள்: நூற்றாண்டு மலர் போய்விட்டதா?

வலிகாமத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியில் வரவேண்டாம் என்று கேட்டிருக்கிறார். தான் படித்து, பிறகு படிப்பித்த பாடசாலையின் நூற்றாண்டு மலருக்கு அவர்தான் தொகுப்பாசிரியர். கட்டுரைகள், வாழ்த்துச் செய்திகள், பழைய மாணவர்கள் வெளிநாடுகளிலிருந்து அனுப்பிய படங்கள், 1995 இடப்பெயர்வுக்கு முந்திய சில வகுப்புப் படங்களின் ஸ்கான் பிரதிகள் எல்லாம் ஒரே மடிக்கணினியில் இருக்கின்றன. வேறு பிரதி எடுத்து வைக்கவில்லை. ரொறன்ரோவில் இருக்கும் மகள் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது கொண்டுவந்து, தானே எல்லாம் செட் பண்ணிக் கொடுத்துவிட்டுப் போன விண்டோஸ் 11 கணினி அது.

கணினி மெதுவாகிவிட்டதென்று ஒரு வீடியோவைப் பார்த்திருக்கிறார். அதில் சொன்னபடி எம்எஸ்கொன்ஃபிக் என்ற பெட்டியைத் திறந்து, ‘பூட்’ பகுதியில் ‘சேஃப் பூட்’ என்பதற்குச் சரி அடையாளம் போட்டு ரீஸ்ரார்ட் கொடுத்தார். திரும்ப எழும்பிய கணினி, வழக்கம்போல உள்ளே போவதற்கான ‘பின்’ (PIN) இலக்கம் கேட்டது. சரியான இலக்கத்தை அடித்தும், ‘பின்’ இப்போது பாவிக்க முடியாது என்று சொல்லிவிட்டது. எத்தனை தரம் நிறுத்திப் போட்டாலும் அதே திரை. பக்கத்து வீட்டில் உயர்தரம் படிக்கும் தம்பி ஒருவர் உதவிக்கு வந்து, விண்டோசுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பான பயோசுக்குள் போய், நம்பகமான மென்பொருளை மட்டும் எழும்பவிடும் ‘செக்கியூர் பூட்’ என்ற காவலை நிறுத்திப் பார்த்தார். அதன்பிறகு பின் கேட்கும் திரையும் போய், பிட்லொக்கர் என்ற தலைப்போடு ஒரு நீலத் திரை வந்து 48 இலக்கத் திறவுகோல் கேட்டபடி நிற்கிறது.

நகரத்தில் ஒரு கடையில் காட்டினால், ‘ஹார்ட் டிஸ்க் லொக் விழுந்திட்டுது, ஃபோமற் அடிச்சால்தான் சரிவரும், ஃபைல் ஒன்றும் மிஞ்சாது’ என்றார்களாம். இன்னோரிடத்தில் மதர்போர்ட் பழுது என்றார்களாம். மைத்துனரோ, டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் கொழுவினால் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்கிறார். மலர் போய்விட்டதா, யார் சொல்வதைக் கேட்பது, கடைக்காரர்கள் மேல் முறைப்பாடு செய்யலாமா என்று ஆசிரியர் கேட்கிறார். ‘மகளுக்கு இன்னும் சொல்லவில்லை. அவள் காசு செலவழித்து வாங்கித் தந்ததைப் பழுதாக்கிவிட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது’ என்ற வரியோடு கடிதம் முடிகிறது.

ஐயா, முதல் கேள்விக்கு முதலில் பதில். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் மலர் போகவில்லை. கட்டுரைகளும் படங்களும் டிஸ்கில் அப்படியே இருக்கின்றன. வீட்டுக்குள் ஒரு சாமானும் அசையவில்லை, படலைப் பூட்டுத்தான் இறுகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த நிலையில் அவற்றை உண்மையாகவே அழிக்கக்கூடிய ஒரே காரியம், அவசரப்பட்டு ஃபோமற்றுக்குச் சம்மதிப்பது. நீங்கள் சம்மதிக்காமல் கணினியை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தது மிகச் சரியான முடிவு.

நடந்தது என்னவென்றால், இரண்டு வேறு இடங்களில் இரண்டு மாற்றங்கள் செய்யப்பட்டிருக்கின்றன. முதல் மாற்றம் விண்டோசின் தொடக்கப் பட்டியலில். கணினி எழும்பும்போது எப்படி எழும்பவேண்டும் என்று எழுதிவைத்திருக்கும் சிறிய கோப்பு அது. டிஸ்கின் ஒரு மூலையில், உங்கள் ஃபைல்கள் இல்லாத தனிப் பகுதியில் இருக்கிறது. ‘சேஃப் பூட்’ என்று சரி போட்டதும், இனிமேல் ஒவ்வொரு தரமும் சேஃப் மோட்டிலேயே எழும்பு என்று அதில் எழுதப்பட்டுவிட்டது. பழுது பார்ப்பதற்கென்று இருக்கும் நிலை அது. அத்தியாவசியமானவை மட்டும்தான் ஓடும். பின் இலக்கத்தைச் சரிபார்க்கும் சேவை அந்த நிலையில் பெரும்பாலும் ஓடாது. அதனால்தான் சரியான பின்னையும் அது ஏற்கவில்லை. உள்ளே போனால்தான் சரி அடையாளத்தை எடுக்கலாம், எடுத்தால்தான் உள்ளே போகலாம் என்ற சிக்கலில் நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள். இந்த வீடியோக்களைப் பார்த்து இதில் மாட்டுபவர்கள் நிறையப் பேர்.

இரண்டாவது மாற்றம் பயோசில். உங்கள் டிஸ்கில் ஃபைல்கள் இருக்கும் பகுதி முழுவதும், பிட்லொக்கர் என்ற விண்டோஸ் பூட்டால் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது, அதாவது சாவி இல்லாமல் வாசிக்க முடியாதபடி மாற்றப்பட்டிருக்கிறது. மகள் தன் மைக்ரோசொஃப்ட் கணக்கைப் போட்டு முதல் தடவை திறந்தபோதே விண்டோஸ் 11 இதைத் தானாகச் செய்திருக்கும். அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். பூட்டைத் திறக்கும் சாவி மதர்போர்ட்டில் உள்ள ரிபிஎம் என்ற சில்லுக்குள் இருக்கிறது. கணினி எழும்பும் விதம் பூட்டிய அன்று இருந்தது போலவே இருந்தால் அந்தச் சில்லு பேசாமல் சாவியைக் கொடுத்துவிடும். செக்கியூர் பூட்டை நிறுத்தியதும் எழும்பும் விதம் மாறிவிட்டது. யாரோ கணினியைக் களவெடுத்துத் திறக்கப் பார்க்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, மேலதிகமாக வைத்திருக்கும் 48 இலக்கத் திறவுகோலைக் காட்டு என்று கேட்கிறது. பூட்டு தன் வேலையைத்தான் செய்கிறது, டிஸ்க் பழுதாகவில்லை. மதர்போர்ட்டும் பழுதில்லை, பழுதான மதர்போர்ட் இவ்வளவு ஒழுங்காகத் திறவுகோல் கேட்டுக்கொண்டு நிற்காது.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகப் பெரிய ஆறுதல் தந்தது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி. சேஃப் பூட் போட்ட பிறகும் பின் கேட்கும் திரை வந்தது என்கிறீர்கள். அப்படியானால் அந்தக் கட்டத்தில் சில்லு சாவியைக் கொடுத்திருக்கிறது. அதற்குப் பிறகு மாறியது செக்கியூர் பூட் மட்டும்தான். அதைத் திரும்பப் பழையபடி போட்டால், 48 இலக்கம் கேட்காமலே பின் திரைக்கு வந்துவிட நல்ல வாய்ப்பு இருக்கிறது. கடைசியாக மாற்றியதை முதலில் திருப்புவது, பிறகு அதற்கு முந்தியது. இந்த ஒழுங்கு மாறாமல் போனால் போதும்.

இப்போதைக்குச் செய்யவேண்டாதவை

மைத்துனர் சொல்வது பத்து வருடத்துக்கு முந்திய கணினிக்குப் பொருந்தும். அப்போது டிஸ்கைக் கழற்றி வேறொன்றில் கொழுவினால் ஃபைல்கள் தெரிந்தன. மறையாக்கம் செய்த டிஸ்கை எங்கே கொழுவினாலும் அதே 48 இலக்கத்தைத்தான் கேட்கும். சாவி மதர்போர்ட்டில் இருப்பதால், டிஸ்கை அதிலிருந்து பிரிப்பது இருக்கும் வாய்ப்பையும் தள்ளிவைக்கும். அப்புறம், இப்போதைய மெல்லிய கணினிகள் சிலவற்றில் டிஸ்க் மதர்போர்ட்டிலேயே ஒட்டியிருக்கும், கழற்றவே வராது.

பயோஸ் பற்றரியைக் கழற்றிப் போட்டால் எல்லாம் பழையபடி வந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். அது பயோஸ் அமைப்புகளை மட்டும்தான் ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோகும். சேஃப் பூட் என்ற கட்டளை டிஸ்கில் இருக்கிறது, பற்றரியால் அது அழியாது. அதோடு டிஸ்கை எந்த முறையில் வாசிப்பது என்ற அமைப்பும் மாறிப்போனால், இப்போது இல்லாத புதுப் பிரச்சினை ஒன்று வரும். பயோசுக்குள் ‘ரிபிஎம் கிளியர்’ என்று ஒரு வரி இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். சில்லுக்குள் இருக்கும் சாவியே அழிந்துவிடும். பிறகு 48 இலக்கம் இல்லாமல் யாராலும் திறக்க முடியாது.

மைக்ரோசொஃப்ட் நிறுவனத்துக்குப் போன் பண்ணினால் திறவுகோலைத் தருவார்கள் என்பதும் சரியில்லை. தொலைந்த திறவுகோலை எடுத்துத் தரவோ புதிதாக உண்டாக்கித் தரவோ தங்களால் முடியாது என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ‘பிட்லொக்கர் உடைத்துத் தருவோம்’ என்று இணையத்தில் காசு கேட்பவர்களிடம் போய்விடாதீர்கள்.

மகளிடம் கேளுங்கள், இன்றைக்கே

ஐயா, மகளுக்குச் சொல்லாமல் இதை முடிக்கப் பார்க்கிறீர்கள். அது வேண்டாம். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. மகள் வாங்கித் தந்த கணினி பழுதாகவும் இல்லை. நீங்கள் தேடும் திறவுகோல் அநேகமாக அவருடைய கணக்கில்தான் இருக்கிறது. நம்முடைய இரவு எட்டு மணி என்றால் அங்கே காலை. அந்த நேரம் எடுத்துப் பேசுங்கள்.

பேசுமுன் நீலத் திரையைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் ‘கீ ஐடி’ என்று எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு நீளமான வரி இருக்கும். மகள் தன் மைக்ரோசொஃப்ட் கணக்குக்குள் போய், சாதனங்கள் என்ற பகுதியில் பிட்லொக்கர் மீட்புத் திறவுகோல்கள் என்பதைத் திறந்தால், ஒன்றோ பலவோ இருக்கும். கீ ஐடியின் முதல் 8 எழுத்துகள் உங்கள் திரையில் உள்ளதோடு ஒத்துப்போகும் வரிதான் உங்களுடையது. ஒன்றும் ஒத்துவராவிட்டால் மருமகனின் கணக்கிலும், மகளின் வேலையிடத்துக் கணக்கிலும் பார்க்கச் சொல்லுங்கள். கணினியை வாங்கிய அன்று யார் கணக்குப் போட்டுத் திறந்தார்களோ, அவர்கள் கணக்கில்தான் அது போய்ச் சேரும்.

திறவுகோல் 6 இலக்கம் கொண்ட 8 தொகுதிகளாக வரும். ஒவ்வொரு தொகுதியும் 11 ஆல் மீதியின்றி வகுபடும்படி அமைத்திருக்கிறார்கள். அதனால் ஓர் இலக்கம் பிழைத்தாலே திரை அதை ஏற்காது. கணித ஆசிரியராக இருந்திருந்தால் நீங்களே வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம். அதை ஒரு தாளில் எழுதி எடுங்கள். கடைக்காரருக்கும், வட்ஸ்அப் குழுக்களுக்கும் அனுப்பவேண்டாம்.

மகளிடம் இன்னொன்றும் கேளுங்கள். மைக்ரோசொஃப்ட் கணக்கோடு திறக்கும் கணினிகளில் டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய மூன்று ஃபோல்டர்களும் பல வேளைகளில் வன்ட்ரைவ் என்ற இணையச் சேமிப்புக்குத் தானாகவே போய்க்கொண்டிருக்கும். இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி. ஸ்கான் படங்கள் முழுவதும் அதற்குள் அடங்கியிராது, ஆனால் கட்டுரைகள் சிறியவை. மகள் தன் வன்ட்ரைவைத் திறந்தால் உங்கள் மலரின் பாதி அங்கே கிடந்தாலும் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

திருப்பிப் போகும் வழி

திறவுகோல் கைக்கு வந்த பிறகே தொடங்குங்கள். அது தேவைப்படாமலும் போகலாம், இருந்தாலும் கையில் இருக்கட்டும். சார்ஜரைக் கொழுவிக்கொள்ளுங்கள்; இடையில் கரண்ட் போனாலும் நிற்காமல் இருக்கப் பற்றரி நிறைந்திருக்கவேண்டும். பக்கத்து வீட்டுத் தம்பியையும் கூப்பிடுங்கள். அவர் நல்லெண்ணத்தோடுதான் கை வைத்தார். எந்தத் திரையில் எதை மாற்றினார் என்பது அவருக்குத்தான் தெரியும். அவரைக் கோபிப்பதால் உங்களுக்குத்தான் நட்டம்.

பயோசுக்குள் போகும் கீ கணினிக்குக் கணினி வேறுபடும். டெல், ஏசர், அசூஸ் போன்றவற்றில் பெரும்பாலும் எஃப்2, எச்பியில் எஃப்10. உள்ளே போனதும் எதையும் மாற்றுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுங்கள். பிறகு செக்கியூர் பூட் என்பதைத் திரும்ப ‘எனேபிள்ட்’ ஆக்குங்கள். தம்பி ‘லெகசி’ அல்லது ‘சிஎஸ்எம்’ என்ற பழைய தொடக்க முறை எதையாவது போட்டிருந்தால் அதையும் நிறுத்தி, யூஇஎஃப்ஐ என்ற புதிய முறைக்கே கொண்டுவாருங்கள். வேறொன்றையும் திருத்தாமல் சேமித்து வெளியே வாருங்கள். பெரும்பாலும் பின் கேட்கும் பழைய திரை வரும். நீலத் திரையே வந்தால் 48 இலக்கத்தையும் அடியுங்கள், அது திறக்கும்.

இனி முதல் மாற்றம். பின் கேட்கும் திரையில் ‘சைன்-இன் ஒப்ஷன்ஸ்’ என்று இருந்து, பாஸ்வேர்ட் போடும் வழியும் தெரிந்தால், மகளுடைய கணக்கின் பாஸ்வேர்டை அவரிடம் கேட்டு அடித்து உள்ளே போகலாம். இணையம் இல்லாத நிலையில் அந்தக் கணினி கடைசியாக அறிந்திருந்த பாஸ்வேர்டைத்தான் ஏற்கும். மகள் இடையில் மாற்றியிருந்தால் பழையதையும் போட்டுப் பாருங்கள். உள்ளே போய்விட்டால் விண்டோஸ் கீயோடு ஆர் எழுத்தை அழுத்தி, எம்எஸ்கொன்ஃபிக்கைத் திறந்து, முன்பு போட்ட சரி அடையாளத்தை எடுத்துவிட்டு ரீஸ்ரார்ட் பண்ணினால் வேலை முடிந்தது.

பாஸ்வேர்ட் போடும் வழியே தெரியாவிட்டால் இப்படிச் செய்யுங்கள். அதே திரையின் கீழ் மூலையில் உள்ள பவர் குறியைத் தொட்டு, ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடித்தபடி ரீஸ்ரார்ட் கொடுங்கள். நீலத்தில் ஒரு பட்டியல் வரும். ட்ரபிள்ஷூட், அதற்குள் அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், அதற்குள் கொமாண்ட் ப்ரொம்ப்ட். வழியில் விசைப்பலகை எது என்று கேட்டால் ‘யூஎஸ்’ என்பதைத் தெரிவுசெய்யுங்கள். கனடாவில் வாங்கிய கணினி என்பதால் சில கீகளில் பிரெஞ்சுக் குறிகளும் அச்சடித்திருக்கலாம், அவற்றைப் பார்த்துக் குழம்பவேண்டாம். திறவுகோல் கேட்டால் அடியுங்கள். ‘ஸ்கிப் திஸ் ட்ரைவ்’ என்பதைக் கொடுத்தாலும் பரவாயில்லை. நாம் தொடப்போகும் தொடக்கப் பட்டியல் மறையாக்கம் செய்யாத பகுதியில்தான் இருக்கிறது.

கறுப்புப் பெட்டி திறந்ததும், போனில் சொல்வது போலச் சொல்கிறேன், எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில். முதலில் இடைவெளி விடாமல் பி, சி, டி, ஈ, டி, ஐ, ரி. ஓர் இடைவெளி. கேள்விக்குறி இருக்கும் கீயில் உள்ள சாய்கோடு, அதை ஒட்டினாற்போல் டிலீட், வேல்யூ என்ற இரண்டு சொற்களையும் ஒன்றாகச் சேர்த்து. ஓர் இடைவெளி. பிறகு நெளிந்த அடைப்புக்குறி திறந்து டிஃபோல்ட் என்ற சொல், அடைப்புக்குறியை மூடுங்கள். அந்தக் குறிகள், ஓ எழுத்துக்கு அடுத்துள்ள பீ (P) எழுத்துக்கு வலப்பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு கீகளில் உள்ளன, ஷிஃப்ட்டோடு அழுத்தவேண்டும். ஓர் இடைவெளி. கடைசியாகச் சேஃப், பூட் இரண்டும் சேர்த்து ஒரே சொல்லாக. என்ரர். வேலை வெற்றியாக முடிந்தது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். வராமல் பிழை காட்டினால் பெரும்பாலும் எங்கேயோ ஓர் எழுத்தோ இடைவெளியோ தவறியிருக்கும், திரும்ப அடியுங்கள். பெட்டியை மூடிவிட்டு ‘கன்டினியூ’ கொடுத்தால் கணினி வழமையாக எழும்பும், உங்கள் பின்னையும் ஏற்கும்.

இந்தக் கட்டளையைப் பார்த்துப் பயப்படவேண்டாம். 2024 ஜூலை 19 ஆம் திகதி கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான இற்றைப்படுத்தலால் உலகம் முழுவதும் கணினிகள் விழுந்தன அல்லவா, விமான நிலையங்கள்கூட நின்றன. மைக்ரோசொஃப்ட்டின் கணக்குப்படி ஏறக்குறைய 85 இலட்சம் கணினிகள். அன்று திறவுகோல் கையில் இல்லாமல் தவித்த பல ரெக்னீசியன்கள், இதே பெட்டியில் இதே பட்டியலைத் தொட்டுத்தான் கணினிகளைச் சேஃப் மோட்டுக்குள் கொண்டுபோய்ச் சரிப்படுத்தினார்கள். அவர்கள் போட்ட அடையாளத்தை நீங்கள் எடுக்கிறீர்கள், அவ்வளவுதான்.

அந்த வீடியோவில் ‘மெக்சிமம் மெமரி’, ‘நம்பர் ஒஃப் ப்ரொசெசர்ஸ்’ என்று இரண்டு கட்டங்களையும் காட்டியிருப்பார்கள். நீங்கள் அவற்றையும் தொட்டீர்களா என்று எழுதவில்லை. தொட்டிருந்தால் உள்ளே போனதும் இரண்டின் சரி அடையாளங்களையும் எடுத்துவிடுங்கள். அவற்றால் வேகம் கூடாது. விண்டோஸ் எப்போதும் இருக்கும் எல்லா ப்ரொசெசர்களையும் முழு மெமரியையும் பாவிக்கிறது. அந்தக் கட்டங்கள் மென்பொருள் செய்பவர்கள் சோதனைக்காகக் கணினியைக் குறைத்துப் பார்க்க வைத்தவை. மெமரியைக் குறைத்துப் போட்டுக் கணினியே எழும்பாமல் போனவர்கள் இருக்கிறார்கள். இதை வேக வைத்தியம் என்று காட்டுபவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. பார்ப்பவர்களில் பாதிப்பேர் உங்களைப் போல ஒரே கணினியில் வாழ்நாள் வேலையை வைத்திருப்பவர்கள்.

கடைக்காரர்கள் பற்றி

முறைப்பாடு செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொன்ன அளவில் முறைப்பாட்டுக்கு இடம் இல்லை என்பது என் அபிப்பிராயம். இரண்டு பேரும் பிழையான கணிப்பைச் சொன்னார்கள், ஆனால் உங்கள் சம்மதம் இல்லாமல் எதையும் செய்யவில்லை. கேட்டதும் கணினியைத் தந்துவிட்டார்கள். திருத்தக் கொடுப்பவர்களில் பலருக்குக் கணினி உடனே வேலை செய்தால் போதும், உள்ளே இருப்பதைப் பற்றிக் கவலையில்லை. அதனால் ஃபோமற் அடிப்பது சில கடைகளில் முதல் மருந்தாகிவிட்டது. அந்த வழக்கம் நல்லதல்ல. இன்னொரு காரணத்துக்காகவும் அதற்குச் சம்மதிக்கக்கூடாது. ஃபோமற்றுக்குப் பிறகு கள்ள விண்டோஸ் போட்டுத் தருபவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கணினியோடு வந்த விண்டோசின் உரிமம் மதர்போர்ட்டிலேயே பதிந்திருக்கும். எப்போதாவது புதிதாகப் போட நேர்ந்தாலும் அசல் விண்டோசே தானாக உரிமம் எடுத்துக்கொள்ளும், காசு கொடுக்கத் தேவையில்லை.

இனி எந்தக் கடையில் கொடுப்பதாக இருந்தாலும், ‘தரவுகள் அழியக்கூடாது, ஃபோமற் செய்யுமுன் என்னிடம் கேட்கவேண்டும்’ என்று பற்றுச்சீட்டில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, காசு வாங்கிச் செய்யும் சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யவேண்டும். எழுதிக் கொடுத்ததை மீறி அழித்தால், சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் அதிகார சபைக்கு முறைப்பாடு செய்யலாம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து வழியும் கேட்கலாம். ஆனால் அழிந்த படத்தை எந்தச் சபையாலும் திருப்பித் தர முடியாது. அதனால் எழுதி வாங்குவது முந்தி, முறைப்பாடு பிந்தி. உங்கள் ஃபைல்களை அனுமதியில்லாமல் திறந்து பார்ப்பதும் பிரதி எடுப்பதும் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்துக்குள் வரும் விடயம். பின்னையும் திறவுகோலையும் கடையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். தேவையென்றால் கூட இருந்து நீங்களே அடித்துக் கொடுங்கள்.

உள்ளே போனதும்

வேறு எதையும் திறக்குமுன் மலர் ஃபோல்டரை முழுதாக ஒரு வெளி ஹார்ட் டிஸ்குக்குப் பிரதி எடுங்கள். இன்னொரு பிரதியை ஒரு பென் ட்ரைவில் போட்டு, வேறொரு வீட்டில் வையுங்கள். பாடசாலை அதிபரிடம் கொடுப்பதும் நல்லது. கட்டுரைகளை உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். இதையெல்லாம் செய்துவிட்டு அச்சகத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள். கணினி மெதுவானதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். டாஸ்க் மனேஜரில் ‘ஸ்ரார்ட்அப்’ பகுதியைத் திறந்து, கணினி எழும்பும்போதே ஓடத் தொடங்கும் தேவையில்லாதவற்றை நிறுத்தினாலே வித்தியாசம் தெரியும்.

48 இலக்கத்தை எழுதிய தாளைக் காணி உறுதி வைத்திருக்கும் இடத்தில் வையுங்கள். கணினிப் பைக்குள் வைக்கவேண்டாம்.

கட்டுரைகளைப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். வேறொரு கணினியில் அந்தப் பிரதியைத் திறந்து பார்க்கும்போது, தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறிகளும் தாறுமாறாகத் தெரிந்தால் ‘ஃபைல் கெட்டுவிட்டது’ என்று பதறாதீர்கள். அந்தக் கணினியில் பாமினி எழுத்துரு இல்லை என்பதுதான் அதன் பொருள். எழுத்துருவைப் போட்டால் தமிழ் வந்துவிடும். இப்படித் தெரிந்ததைக் கண்டு, நல்ல ஃபைலையே பழுது என்று அழித்துவிட்டவர்கள் உண்டு. நேரம் கிடைக்கும்போது எல்லாவற்றையும், தனி எழுத்துரு தேடாமலே தமிழ் தெரியும் யுனிகோடு முறைக்கு மாற்றிவிடுங்கள். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. மலர் வெளிவந்த பிறகு, ஈழத்து நூல்களை இணையத்தில் சேர்த்துவைக்கும் ‘நூலகம்’ போன்ற எண்ணிம நூலகத்துக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால், யுனிகோடில் இருக்கும் எழுத்தைத்தான் பிறகு யாரும் தேடி எடுக்கலாம்.

திறவுகோல் ஒருவர் கணக்கிலும் இல்லாமல், செக்கியூர் பூட்டைத் திருப்பிப் போட்டும் நீலத் திரையே நின்றால், அப்போதும் ஃபோமற் வேண்டாம். பயோஸ் பக்கங்களின் படங்களை எனக்கு அனுப்புங்கள், வேறு எது மாறியிருக்கிறது என்று பார்ப்போம். செக்கியூர் பூட்டின் சாவிகளையே தம்பி அழித்திருந்தால், அதே பக்கத்தில் ‘ரெஸ்ரோர் ஃபக்டரி கீஸ்’ என்று ஒரு வரி இருக்கும். அதைக் கொடுத்துப் பார்க்கலாம். அதற்கிடையில் கட்டுரை எழுதியவர்களின் மின்னஞ்சல்களையும், படம் அனுப்பியவர்களின் வட்ஸ்அப்பையும் கேட்டுச் சேர்க்கத் தொடங்குங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களிடம் மூலப் படங்கள் இன்னும் இருக்கக்கூடும். அந்த வேலையைக் கணினி திறந்தாலும் திறக்காவிட்டாலும் செய்யலாம். மலருக்கு அது வீண்போகாது.